வழிகாட்டி ஆசிரியர் கருத்து (இரண்டு வரிக்குள்)

கோகிலவாணி பயிற்சிக்கு வந்த அன்று
முதலில் கொடுத்தது கழிப்பறைச் சாவி.
அப்புறம்தான் வருகைப் பதிவேடு.
என் முறை வந்தபோது எனக்கு யாரும் கொடுக்கவில்லை.
பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில்
தண்ணீர் குடிக்காமலே இருபது நாள்
நீர்ச்சுழற்சி நடத்தினேன்.

ஊத்தங்கரைப் பெண்.
தேன்கனிக்கோட்டையில் மாடியறை, நான்கு பேர், ஒரு ஃபேன்.
ஏழு ஐம்பது பஸ்ஸை விட்டால்
அடுத்தது ஒன்பதே கால், அதுவும் நிச்சயமில்லை.
கண்டக்டரிடம் சொல்லிவைத்தேன்:
சார்ட் சுருளோடு ஒரு பிள்ளை ஓடிவரும்,
ஒரு நிமிஷம் விசில் அடிக்காதீங்க.
இதை எந்தப் படிவத்தில் நிரப்புவது?

முதல் பாடம் யானை.
விடிய விடிய வரைந்திருந்தாள்.
காதுக்கு வெல்வெட் தாள், தந்தத்துக்குப் பஞ்சு.
"யானை நம் நண்பன். எல்லாரும் சொல்லுங்க."
மூன்றாம் வகுப்பு சொல்லவில்லை.
மாதேஷ் எழுந்தான்,
பாதி கன்னடம் பாதி தமிழ்:
"மிஸ், ஆனெ நம்ம ராகி எல்லா தின்னுபிட்டுது."

பாடக்குறிப்பில்
'எதிர்பார்க்கும் விடை' என்றொரு கட்டம் உண்டு.
அதில் அவள் 'நண்பன்' என்று எழுதியிருந்தாள்.

இடைவேளையில் தொட்டியோரம் நின்று அழுதாள்.
நான் டிபன் பாக்ஸைக் கழுவினேன்,
கழுவியதையே மறுபடியும்.
சொல்ல வந்தது வேறு.
பதினோரு வருஷமாக இதே பாடம், இதே வாக்கியம்,
இதே காட்டோரத்துப் பிள்ளைகள்.
என்னிடம் ஒருவனும் எழுந்து நின்றதில்லை.
கடைசியில் அதைத்தான் சொன்னேன்.
மூக்கைத் துடைத்துக்கொண்டு
என்னை அவள் பார்த்த பார்வையில்
கொஞ்சம் இரக்கம் இருந்தது.

வியாழக்கிழமை சத்துணவு முட்டை எண்ண வெளியே போனேன்.
உள்ளே பெஞ்ச் விழுந்தது.
யாரோ தகரம் தட்டினார்கள்.
என் குரல் தொண்டைவரை வந்துவிட்டது,
ஓர் அதட்டல் போதும், கூரைக் குருவிகூட அடங்கும்.
கை தாழ்ப்பாளில்.
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
மறந்துபோய், மறுபடி ஒன்று.
தாழ்ப்பாள் சூடாகும்வரை பிடித்திருந்தேன்,
திறக்கவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தேன்:
யானைச் சார்ட் தரையில் குப்புறக் கிடந்தது.
வெள்ளைப் புறத்தில் மலை, அகழி, பரண், கொல்லை.
வந்தது ஐந்தா ஏழா என்று சண்டை.
"பெருசு ஐந்து, குட்டி ரெண்டு" என்றாள் சிக்கம்மா,
ஜூனிலிருந்து வாய் திறக்காத சிக்கம்மா.
கோகிலவாணி கரும்பலகையில் கூட்டல் குறி போட்டாள்,
கை நடுங்கியது, குறி சாய்ந்துவிட்டது.

மறுநாள் மேற்பார்வைக்கு வந்தவர்
துணைக்கருவி எங்கே என்றார்.
குப்புறக் கிடந்ததைக் காட்டினாள்.
'திட்டத்திலிருந்து விலகல்' என்று பென்சிலால் எழுதினார்.
வெளியே நின்று முழுசாகக் கேட்டேன் சார், என்றேன்.
அழிக்கவில்லை. பேனாவால் எழுதவுமில்லை.

பொய் எதற்கு,
சிக்கம்மா சீத்தாப்பழம் கொண்டுவந்து
அவள் மேஜையில் வைத்த மதியம்
எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று நாற்பதாம் நாள்.
சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.
ஒரே கயிற்றில் இரண்டு.
"கோட்டையில ஒண்ணு அடிச்சேன் மேடம்,
அடுத்த வருஷம் ரெண்டு பேர் வந்தா?"
அறுபது ரூபாய் ஆனதாம்.

படிவம் மேஜைமேல்.
முதல் வாரம் 'குரல் போதாது' என்று எழுதியிருந்தேன்,
அதை அடித்தாயிற்று.
மீதி ஒரு வரி.
தேதி மட்டும் போட்டிருக்கிறேன்,
அதற்குள் சாயங்கால பஸ் ஹாரன் அடிக்கிறது,
அவள் இன்னும்
பிள்ளைகள் நடுவே செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.